நேம் கார்டு யார் கைக்குப் போகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் நேம் கார்டு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஜாலான் பெசாரில் நின்று, "கனோபி வாடகைக்கு விடுவாரே, அந்த அண்ணன் எங்கே?" என்று கேட்டால் போதும். ஒருவர் வழி சொல்வார், பக்கத்தில் நிற்பவர் போனை எடுத்து அந்த அண்ணனையே கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் இதுகூடத் தேவைப்படவில்லை. யார் கல்யாணச் சமையலுக்குக் கைராசிக்காரர், யாருக்கு வயரிங் தெரியும், யார் வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது என்பதெல்லாம் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

அந்த லயம் இப்போது கலைந்துவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, சில இடங்களில் மரம் இருந்த இடத்தில் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி எழும்பியது. நம் ஆட்கள் பட்டணத்துக்கு வந்தார்கள், பிள்ளைகள் ஈப்போ, ஷா ஆலாம், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று பரவிவிட்டார்கள். செம்பனைத் தோட்டங்களில் இன்றைக்கு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஆக, நமக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கிற கார்டு அவரோடு நிற்பதில்லை. நம் முகமே தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. அங்கே போய்தான் அது வேலையைத் தொடங்குகிறது.

நான் இந்த ஊரில் சின்னச் சின்ன நிறுவனங்களுக்குக் கார்டு, பேனர், கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கிறேன். கார்டு வேண்டும் என்று யார் வந்தாலும் நிறம், லோகோ பற்றியெல்லாம் உடனே பேசுவதில்லை. "இதை யாரிடம் கொடுப்பீர்கள்?" என்று கேட்பேன். சொல்வார்கள். அப்புறம், "அவர் இதை யாரிடம் கொடுப்பார்?" என்று கேட்பேன். கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதல் கை உங்களுடையது, இரண்டாவது கை உங்களிடம் வாங்கியவருடையது. கார்டை அந்த மூன்றாவது கைக்காகத்தான் வடிவமைக்க வேண்டும். உங்கள் சிரிப்போ, குரலோ, போன வாரம் செய்துகொடுத்த வேலையோ எதுவும் தெரியாமல் அந்த ஒரு துண்டு அட்டையை மட்டும் பார்ப்பவர் அவர்.

இரும்பு வேலை செய்யும் ஒரு அண்ணன் பழைய கார்டோடு வந்திருந்தார். முன்பக்கம் பாதியை ஒரு சிங்கமும் தீப்பொறியும் பிடித்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே எண்டர்பிரைஸ் பெயர். பின்பக்கம் முழுக்க வேலைகளின் பட்டியல், அரிசி அளவு எழுத்தில். மூன்று போன் எண், ஒரு ஃபேக்ஸ் எண்.

"அண்ணே, இந்த மாசம் என்ன வேலை அதிகம் செஞ்சீங்க?"

"அவ்னிங்தான் தம்பி. பழைய வீட்டுக்கெல்லாம் கார் நிறுத்துற இடத்துக்குக் கூரை கேக்குறாங்க."

"போன மாசம்?"

"அதுவும் அவ்னிங்தான். ரெண்டு கேட் செஞ்சேன்."

"கார்டுல அவ்னிங் எங்க இருக்கு?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். தண்ணீர்த் தொட்டி மேடைக்கும் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் நடுவில் இருந்தது. அவருக்கே தேடத்தான் வேண்டியிருந்தது. கோலகங்சாரில் இருக்கும் ஒரு மலாய் ஆசிரியை தன் வீட்டுக்குக் கூரை போட ஆள் தேடும்போது யாரோ இந்தக் கார்டை நீட்டினால், அவர் எவ்வளவு நேரம் தேடுவார்?

எல்லா வேலையையும் எழுதாவிட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. சின்னத் தொழிலில் வருகிற எந்த வேலையையும் விட முடியாது. ஆனால் பதினைந்து வேலை எழுதியிருந்தால் படிப்பவர் மனதில் ஒன்றும் நிற்பதில்லை. கூரை என்று பெரிதாக இருந்தால், இரும்பு வெட்டி ஒட்டத் தெரிந்தவர் கைப்பிடியும் செய்வார் என்று அவரே ஊகித்துக்கொள்வார். அந்த அண்ணனுக்குக் கடைசியில் மூன்று சொல்தான் வைத்தோம்: அவ்னிங், கேட், கிரில். அதற்குக் கீழே, சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ வட்டாரம் என்று ஒரு வரி. இந்த ஊர்ப் பெயர் வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈப்போவில் இருப்பவர் கார்டைப் பார்த்ததும் "இவ்வளவு தூரம் வருவாரா?" என்றுதான் முதலில் நினைப்பார். வருவேன் என்று கார்டே சொல்லிவிட்டால் அவர் போனை எடுப்பார்.

பெயர் விஷயத்திலும் இதே கணக்குதான். அடையாள அட்டையான ஐசியில் இருக்கும் முழுப் பெயரைத் தந்தை பெயரோடு போட வேண்டிய அவசியமில்லை. ஊர் எந்தப் பெயரில் உங்களைக் கூப்பிடுகிறதோ அது கார்டில் இருக்க வேண்டும். ஈப்போவிலிருந்து வருபவர் நம் பாசாரில் இறங்கி விசாரித்தால் அந்தப் பெயருக்குத்தான் விடை கிடைக்கும்.

அடுத்து மொழி. நம் ஊர்க் கார்டு மூன்று நான்கு மொழிக்காரர்கள் கையில் புரளும். இரும்பு வேலைக்காரரின் கார்டை ஹார்ட்வேர் கடை தவுக்கே (சீன முதலாளி) வாங்கி வைத்துக்கொள்வார், மலாய்க்கார ஆசிரியை கேட்பார், தமிழ்க் குடும்பமும் கேட்கும். எல்லா மொழியையும் ஒரே பக்கத்தில் திணித்தால் எதுவும் வாசிக்கும்படி இருக்காது. என் வழக்கம், முன்பக்கத்தில் பெயரும் வேலையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ, பின்பக்கத்தில் அதே செய்தி தமிழில். கல்யாணச் சமையல், மணவறை அலங்காரம், பூமாலை, பலகாரம் என்றால் இதை அப்படியே திருப்பிப் போடுவேன். வாடிக்கையாளரில் முக்கால்வாசிப் பேர் நம் ஆட்கள் என்கிறபோது தமிழ் ஏன் பின்னால் நிற்க வேண்டும்? கடைப் பெயர்ப்பலகைக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும், அதில் மலாய் முதன்மையாக இருந்தாக வேண்டும். அந்த விதியை நேம் கார்டுக்கும் சேர்த்து நினைத்துக்கொண்டு தமிழைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தவிர்க்க வேண்டாம்.

தமிழ் போடுகிறோம் என்றால் ஒழுங்காகப் போட வேண்டும். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். கேட்டரிங் கார்டுகளில் "சமையல்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "சமயைல்" என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "செல்வி" என்ற பெயர் "சலெ்வி" ஆகிவிடும். கொ, கோ வரும் இடங்களில் புள்ளி வட்டம் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். யாருக்கும் எழுத்துப் பிழை வரவில்லை, கொடுத்தவர் சரியாகத்தான் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். பிசகு நடப்பது அச்சகக் கணினியில். யூனிகோட் முறையில் மை என்ற எழுத்து, முதலில் ம, அதன் பிறகு ஐகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை எடுத்து ம-வுக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப் போன்றவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையை அமைப்புகளில் போய்த் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த வேலை நடக்காமல் போகலாம். குறி ம-வுக்குப் பின்னாலேயே நின்றுவிடும், பார்ப்பவர் கண்ணுக்கு அது அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அச்சகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நாம்தான் பார்க்க வேண்டும்.

நான் செய்வது இது. தமிழ் வரிகளை என் கணினியில் சரியாக அமைத்து, எழுத்துகளை அவுட்லைன் ஆக்கிவிடுவேன். அதன் பிறகு அவை எழுத்தாக இல்லாமல் படமாகிவிடும், எந்தக் கணினிக்குப் போனாலும் கொம்பு இடம் மாறாது. பிடிஎஃப் ஆக அனுப்புவேன். வடிவமைப்பாளர் கிடைக்காதவர்கள் குறைந்தபட்சம், அச்சகம் அனுப்பும் மாதிரியைப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படிக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த கோப்பு இருந்தால், அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் ஒட்டும்போது வேற்று எழுத்துகளின் குவியலாக வந்து நிற்கும்.

எழுத்துரு இல்லை என்ற காரணமும் இன்றைக்குச் செல்லாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் எல்லாமே இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். தமிழைக் கணினியில் ஏற்றுவதற்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட முரசு அஞ்சல் நம் நாட்டில் பிறந்தது. அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். ஆப்பிள் கருவிகளில் இருக்கும் இணைமதி எழுத்துருவும் அவர் வடிவமைத்ததுதான். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு தமிழரின் கார்டில் "சமயைல்" என்று இருந்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எழுத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் 8 புள்ளி (பாயிண்ட்) அளவில் வாசிக்க முடிகிறது என்பதற்காகத் தமிழையும் 8 புள்ளியில் வைத்தால் போதாது. ண, ஞ, இ, ஜ போன்ற எழுத்துகளில் சுழி அதிகம், சின்ன அளவில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் 9 புள்ளிக்குக் கீழே இறங்குவதில்லை. மேலே விசிறியும் கீழே உகரக் காலும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து என்றால் இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்குங்கள், கொஞ்சம் தடிமனும் கொடுங்கள். சுற்றியிருக்கும் மை உள்ளே பரவி மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும்.

அட்டையின் அளவில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இங்கே அச்சகங்களில் வழக்கமாக அடிக்கும் அளவு 90 மில்லிமீட்டருக்கு 54. நம் ஐசி, வங்கி அட்டை எல்லாம் பன்னாட்டு அளவில் 85.6 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 54. அதாவது நேம் கார்டு ஐசியைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளம். பர்ஸில் அட்டை வைக்கும் அறைக்குள் செருகினால் வெளியே எட்டிப் பார்க்கும், முனை மடங்கும், ஒரு வாரத்தில் அது பர்ஸை விட்டுப் போய்விடும். 85-க்கு 54 ஆக வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஐசிக்குப் பின்னால் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். பர்ஸில் தங்கிய கார்டுதான் என்றைக்காவது மூன்றாவது கைக்குப் போகும்.

வெட்டும் கத்தி ஒரு மயிரிழை இப்படி அப்படி விலகும் என்பதால் பின்னணி நிறத்தை நாலு பக்கமும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிவிட வேண்டும், எழுத்தை விளிம்பிலிருந்து அதே அளவாவது உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அச்சகத்தில் இருப்பவரே இதைச் சொல்வார். நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: போன் திரையில் பளிச்சென்று தெரிகிற நீலமும் பச்சையும் தாளில் அப்படி வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் நாலு மையைக் கலந்து காட்டுகிறது. சின்ன எழுத்துக்குக் கலவை நிறம் வேண்டவே வேண்டாம், தனிக் கறுப்பு மையில் அடித்தால் கூர்மையாக இருக்கும். தங்க நிறம் வேண்டும் என்பவர்களுக்கு: நாலு மையில் தங்கம் வராது, மஞ்சள் கலந்த பழுப்புதான் வரும். மின்ன வேண்டும் என்றால் மின்னும் தகட்டைச் சூட்டில் ஒட்டும் ஹாட் ஸ்டாம்பிங் செய்ய வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

லேமினேஷன் விஷயத்தில் நான் ஊரோடு ஒத்துப்போவதில்லை. 260 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன் என்பது இங்கே ஏறக்குறைய பழக்கமாகிவிட்டது. தொட்டால் வழவழப்பு, பார்க்க அழகு, தண்ணீர் பட்டாலும் தாங்கும். ஆனால் அதன் மேல் பால்பாயிண்ட் பேனா எழுதாது. நம் தொழில்களில் கார்டின் மேல் எழுதாமல் என்ன நடக்கிறது? கேட்டரிங் அக்கா விலையைச் சொல்லும்போது 300 பேர், தலைக்கு இவ்வளவு என்று கார்டிலேயே குறித்துக் கொடுப்பார். ஏர்கோன் சர்வீஸ் செய்யும் தம்பி அடுத்த சர்வீஸ் எந்த மாதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தையல் அக்கா ரவிக்கை எடுக்க வரும் தேதியைக் குறிப்பார். எழுதப்பட்ட கார்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை, அதில் அவர்களுடைய கணக்கு இருக்கிறது. அதனால் முன்பக்கம் மட்டும் லேமினேஷன், பின்பக்கம் வெறும் தாள், அதிலும் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். வெற்றிடத்தைப் பார்த்து, "காசு கொடுத்த இடம் காலியா இருக்கே" என்று கேட்பார்கள். எழுதத்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். ஆர்ட் கார்டு பூச்சு உள்ள தாள் என்பதால் பேனா சில சமயம் வழுக்கும், பூச்சில்லாத தாள் கிடைத்தால் அதுவே மேல்.

சாமி படம். இதைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் கார்டு அடிக்க முடியாது. பிள்ளையாரோ முருகனோ அம்மனோ இருந்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் விரும்புவார்கள், அதில் இருக்கும் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கார்டு போகிற இடங்களை நினைத்துப் பாருங்கள். கால்சட்டைப் பின்பாக்கெட்டில் வைத்து அதன் மேலேயே உட்காருவார்கள். லோரி டேஷ்போர்டில் கிடக்கும். இரவுச் சந்தையான பாசார் மாலாமில் கீழே விழுந்து மிதிபடும். பக்தி உள்ளவர் கைக்குப் போனால் வேறு ஒன்று நடக்கும்: கீழே போட மனம் வராமல் சாமி மேடையில் செருகி வைத்துவிடுவார், அதன் பிறகு யாரிடமும் கொடுக்கமாட்டார். இரண்டிலுமே நமக்கு நல்லதில்லை. மேலே சின்னதாகப் பிள்ளையார் சுழி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வேன். கல்யாணப் பத்திரிகையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நிறைவாக இருக்கும். பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அம்மா முதலில் தலையாட்டிவிடுவார்.

பதிவு எண்ணைப் போடுங்கள் என்று எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன். கம்பெனியாகப் பதிந்தவர்கள் கடிதத் தாளிலும் பில்லிலும் பெயரோடு பதிவு எண்ணைப் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. கார்டிலும் போட்டுவிட்டால் தோட்ட அலுவலகக் கிராணியோ பள்ளித் தலைமையாசிரியரோ உங்களைத் தேடிச் சரிபார்க்க வசதி. கம்பெனிகளையும் வணிகங்களையும் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம் 2019 அக்டோபர் 11-இலிருந்து, முன்பே பதிந்தவர்களுக்கும் சேர்த்து, கொடுக்கும் புது எண்ணில் 12 இலக்கம் இருக்கும். முதல் நாலு இலக்கம் பதிந்த ஆண்டு, அடுத்த இரண்டும் என்ன வகை என்பதைக் காட்டும்: 01 என்றால் உள்நாட்டுக் கம்பெனி, 03 என்றால் எண்டர்பிரைஸ், டிரேடிங் என்று பதிந்த வணிகம், 04 என்றால் உள்நாட்டுப் பிஎல்டி, அதாவது வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை. மீதி ஆறு வரிசை எண். "அனுபவமிக்க நிறுவனம்" என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை, 2006 என்று தொடங்கும் எண்ணே எத்தனை வருடத் தொழில் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பதியாமலே கார்டு அடிக்க வருபவர்களும் உண்டு. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. நீங்கள் ஆசைப்பட்ட பெயரை எஸ்எஸ்எம் ஏற்காமலும் போகலாம், ஆகவே பெயர் கைக்கு வந்த பிறகு அச்சுக்கு வாருங்கள். எண்டர்பிரைஸாகப் பதிந்துவிட்டுப் பெருமைக்காகச் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) என்று போடச் சொன்னால் நான் போடமாட்டேன்.

சாப்பாட்டுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஹலால் சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்துக் கார்டில் ஒட்டக்கூடாது. மத்திய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமோ மாநில இஸ்லாமிய சமய மன்றமோ சான்றிதழ் கொடுத்திருந்தால்தான் போடலாம். இல்லாவிட்டால் 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். சைவச் சமையல் என்றால் சைவம் என்று மூன்று மொழியிலும் தெளிவாக எழுதுங்கள், தேடுகிறவர்கள் அதை வைத்தே வருவார்கள்.

போன் எண் ஒன்று போதும். மூன்று எண் இருந்தால் எதைக் கூப்பிடுவது என்ற குழப்பம் வரும், முதல் எண்ணை எடுக்காவிட்டால் இரண்டாவதை முயற்சி செய்யும் பொறுமை யாருக்கும் இல்லை. வாட்ஸ்அப் இருக்கும் எண், பகலில் நீங்களே எடுக்கும் எண், அதைப் போடுங்கள். கார்டிலேயே உங்கள் பெயருக்கு அடுத்துப் பெரிய எழுத்து அதுவாக இருக்கட்டும். இலக்கங்களை மூன்றும் நாலுமாகப் பிரித்து அடிக்க வேண்டும், 011 எண்ணாக இருந்தால் நாலு நாலாக. ஒரே மூச்சில் பத்துப் பதினொரு இலக்கம் இருந்தால் பார்த்து அழுத்துபவர் நடுவில் தொலைந்துபோவார். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஊர்க் கல்யாணத்துக்கு அங்கிருந்தே ஆள் பேசுகிறார்கள். அப்படி வாடிக்கை உள்ளவர்கள் +60 சேர்த்து, முன்னால் இருக்கும் சுழியத்தை எடுத்துவிட வேண்டும்.

கியூஆர் குறியைக் கேட்காதவர்களே இப்போது இல்லை. 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனம் கார் உதிரிப் பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது அது. கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் கிழிந்தாலும் படிக்க வேண்டும் என்பதற்காகப் பிழை திருத்தத்தை உள்ளேயே வைத்திருக்கிறார்கள், உச்ச அளவில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்கும். ஆனால் அந்தத் தாங்குதிறனை நம்பி நடுவில் பெரிய லோகோவை வைத்து அடைத்துவிடாதீர்கள். சுற்றி நாலு கட்டம் அகலத்துக்கு வெள்ளை விளிம்பு இருக்க வேண்டும். கார்டில் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைப்பேன். உள்ளே எவ்வளவு விவரம் திணிக்கிறோமோ அவ்வளவு பொடிக் கட்டங்கள் வரும், பழைய போன்கள் திணறும். வாட்ஸ்அப்பை நேராகத் திறக்கும் சின்ன இணைப்பு ஒன்றே போதும். அந்த இணைப்பில் எண் 60-இல் தொடங்க வேண்டும், கூட்டல் குறியோ இடைக்கோடோ கூடாது. இலவசமாகக் குறி செய்து தரும் சில தளங்கள் குறியைத் தங்கள் தளம் வழியாகத் திருப்பிவிடுகின்றன, சலுகைக் காலம் முடிந்ததும் அந்தக் குறி வேலை செய்யாது. அச்சடித்த பெட்டி முழுக்க வீண். குறி நேராக உங்கள் இணைப்புக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். காசு வாங்கும் டுயிட்நவ் குறியைக் கார்டில் போட வேண்டாம். அதன் இடம் கடை மேசை. விசாரிக்க நினைத்து ஸ்கேன் செய்பவர் முன்னால் பணம் அனுப்பும் பக்கம் வந்து நின்றால் அவர் பின்வாங்குவார்.

முகவரி, கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களிடம் வீட்டு எண்ணைப் போட வேண்டாம், தாமான் பெயரும் ஊரும் போதும் என்பேன். ஊர்ப் பெயருக்குப் பின்னால் உத்தாரா (வடக்கு) என்பதையும் 31100 என்ற அஞ்சல் குறியீட்டையும் விட்டுவிடாதீர்கள், மலாக்காவிலும் ஒரு சுங்கை சிப்புட் இருக்கிறது. ஜாலான் பெயர் சொல்லி யாரும் இங்கே வழி கண்டுபிடிப்பதில்லை. மகாத்மா காந்தி கலாசாலைக்கு எதிரில், பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் என்று ஓர் அடையாளம் சேர்த்தால் வெளியூர்க்காரருக்குப் பெரிய உதவி.

மாதிரி தயாரானதும் சாதாரண தாளில் அதே அளவில் பிரிண்ட் எடுத்து வெட்டுவேன். வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர் ஒருவரிடம் கொடுத்து, கண்ணாடி இல்லாமல் போன் எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள் என்று கேட்பேன். அப்புறம் அந்தத் தாளைப் பார்த்தே எண்ணை அழுத்தி உங்கள் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். மனப்பாடமாகத் தெரிந்த எண்ணைக் கண் சரியாகப் படிப்பதில்லை, இருப்பதாக நினைத்துக்கொண்டு தாண்டிவிடும். அழுத்திப் பார்த்தால் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

கொடுக்கும்போது வலது கையால், தவுக்கேயிடம் என்றால் இரண்டு கையாலும், எழுத்து அவர் பக்கம் பார்க்கும்படி. எப்போதும் இரண்டு கார்டு கொடுங்கள். "ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு யாராவது கேட்டா குடுங்க" என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கியவர் அந்த இரண்டாவதை யாரிடம் கொடுக்கலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்குவார். உங்கள் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில் எது என்று பார்த்து அங்கே கொஞ்சம் வைத்துவிட்டு வாருங்கள். மணவறை அலங்காரம் செய்பவரிடம் கேட்டரிங் கார்டு, மாலைக் கடையில் மணவறைக்காரர் கார்டு, ஹார்ட்வேர் கடையில் வயர்மேன் கார்டு. கோவில் செயலவையில் இருப்பவரிடம் எல்லாருடையதும் இருக்க வேண்டும், திருவிழாவுக்குக் கனோபியிலிருந்து அன்னதானம் வரை ஆள் பேசுபவர் அவர்தான்.

முதல் தடவை ஆயிரம் அடிக்காதீர்கள். எண்ணிக்கை கூடினால் ஒன்றுக்கு ஆகும் செலவு குறையும் என்பது உண்மைதான், ஆனால் போன் எண்ணோ கடை இடமோ மாறினால் மீதியைப் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுக்க வேண்டிவரும், அதைப் பார்ப்பவருக்கு நம்பிக்கை வராது. இரண்டு பெட்டி அடித்து, ஒரு சீசன் கொடுத்துப் பார்த்து, வாடிக்கையாளர்கள் கார்டைப் பார்த்த பிறகும் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்து, அதை அடுத்த அச்சில் சேர்க்கலாம். கல்யாணத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆடி மாதம்தான் தோது. முகூர்த்தம் இருக்காது, உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும், ஆவணி பிறப்பதற்குள் கார்டு கையில் இருக்கும். வரும்போது பழைய கார்டு ஒன்றையும், கடைசியாகச் செய்த வேலைகளின் பில் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள்.